தளத்தில் நின்ற ஆள்

தம்பிமாரே,

உங்கள் கப்பல் போன மாதம் நல்லெண்ணப் பயணமாகக் கொழும்புக்கு வந்தபோது, உங்களில் நான்கு பேர் வேன் பிடித்துக் கண்டி பார்க்கக் கிளம்பினார்கள். தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா எல்லாம் பார்த்து முடிந்தது. பார்க்க மிச்சமிருந்த பழம்பொருள் நான் ஒருவன்தான் என்பதால், திரும்பும் வழியில் பிலிமத்தலாவையில் என் வீட்டு வாசலிலும் வந்து நின்றார்கள். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, ஒங்க ஆளுங்க வந்திருக்காங்க. நாலு பேருக்கும் முடி ஒரே மாதிரி வெட்டியிருக்கு."

பேச்சோடு பேச்சாக, நம் கடற்படை விமானப் பிரிவின் ஸ்குவாட்ரன் மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை கேட்டார்கள். மலரை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் பக்கத்தில் கமாண்டரின் படம், கடைசிப் பக்கத்தில் கமாண்டரின் மனைவி கேக் வெட்டும் படம், நடுவில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்ப என்னைப் போன்ற ஓய்வு பெற்ற கிழங்கள். மறுத்திருப்பேன். ஆனால் வந்த நால்வரில் உயரமான தம்பி ஒருவர் சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்ன ஒரு வார்த்தை என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

"நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட சுத்துப் போனதில்ல சார். வந்தேன், நின்னேன், எறங்கினேன். ஒரே ஒரு தடவை தளத்துல யாரோ நின்னுட்டு இருந்தாங்கன்னு திருப்பி விட்டாங்க. அது என் கணக்குல வராதுல்ல?"

"வராது, வராது" என்றேன் நான்.

மலரை உங்களைவிட உங்கள் வீட்டாரே கவனமாகப் படிப்பார்கள். ஆகவே அவர்களுக்காகத் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜெட்டுக்கு ஓடுபாதை வேண்டாம். கப்பலின் இடது பக்கமாக வந்து, கப்பலின் வேகத்துக்கே வேகத்தைக் குறைத்து, அந்தரத்தில் அப்படியே நிற்கும். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து தளத்துக்கு மேலே வந்து, நேரே கீழே இறங்கி உட்காரும். கேட்க எவ்வளவு சுலபம்! எங்கள் கடல் பக்கத்து வெயிலில் கனத்தோடு இந்த ஜெட் அந்தரத்தில் நிற்காது. எரிபொருளை எரித்து எரித்து எடை குறைந்த பிறகுதான் நிற்கும். நிற்கிற அளவுக்கு எடை குறைந்துவிட்டதென்றால், வேறு எங்கும் போகிற அளவுக்கு எரிபொருள் மிச்சமில்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்த மகான்களுக்கு என் வணக்கம்.

இறங்குவதற்கு முன் சரிப்பட்டு வராது என்று தெரிந்தால், தளத்தை விட்டு விலகி, இன்னொரு முறை சுற்றி வரவேண்டும். அதற்குப் பெயர்தான் சுற்றுப் போவது. அதைச் செய்யலாமா என்று முடிவெடுக்கச் சில கணங்கள் உண்டு. அந்தச் சில கணங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

நான் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர் மகனாகப் பிறந்தவன். இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து பேசித் தோட்டத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது, அப்பாவும் நானும் இந்தியாவின் பங்குக்குப் போனோம். அக்கா, இங்கே குடியுரிமை இருந்தவரைக் கட்டிக்கொண்டதால் இலங்கையின் பங்குக்கு நின்றாள். தலைமன்னாரில் கப்பல் ஏறிய நான் அக்கரை போய்ச் சேரும்வரை வாந்தி எடுத்தேன். அந்த வயிற்றை நம்பித்தான் பிற்பாடு ஒரு கடற்படை என்னைச் சேர்த்துக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகுதான் அக்கா பக்கத்தில் இருக்கவென்று மறுபடி இக்கரைக்கு வந்தேன்.

பயிற்சியில் முதலில் ஓடுபாதையில் வெள்ளைக் கோடு போட்டுக் கப்பல் தளத்தை வரைந்து வைப்பார்கள். அதில் இறங்கிப் பழகவேண்டும். அந்தக் கோட்டுக் கப்பலில் நான் மகாவீரன். அது ஆடாது, அசையாது, அலையில் எழும்பாது. கப்பல் என்று சொல்லிக்கொள்ள அதனிடம் வெள்ளைக் கோட்டைத் தவிர ஒன்றுமே இல்லை. நிஜக் கப்பலுக்கு முதல் தடவை போனபோது தளம் மேலும் கீழும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் பயந்துபோய்ச் சுற்றுப் போனேன். இரண்டாவது முறை இறங்கிவிட்டேன்.

அன்று மாலைதான் தெரியும், சுற்றுப் போவதற்கு எங்கள் ஸ்குவாட்ரனில் ஒரு வழக்கம் இருக்கிறது என்று. எங்கள் பறப்புப் பிரிவின் தலைவர் ஏற்படுத்தியது. அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரியவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட்டை விட்டுவிட்டுக் கிராம்பு மென்றுகொண்டிருந்த மனிதர். ஆள் வருமுன்னே கிராம்பு வாசம் வந்து எச்சரிக்கும். அவர் போட்ட வழக்கம் இதுதான்: சுற்றுப் போனவன் அன்று மாலை எல்லாருக்கும் டீ போட்டு, தன் கையாலேயே ஊற்றி, ஒவ்வொருவரிடமும் "மன்னிக்கணும், கொஞ்சம் தாமதமாயிருச்சு" என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். தளத்தில் ஆளோ சாமானோ கிடந்து அதனால் சுற்றுப் போக நேர்ந்தால், அது பைலட் குற்றமல்ல; அந்த இறக்கத்துக்குப் பொறுப்பாக நின்ற தள அதிகாரி டீ ஊற்றவேண்டும்.

நான் கெட்டிலைத் தூக்கியதும் பெரியவருக்கு ஒரே குஷி. "அடடா, கண்டிக்காரன் கையால டீயா! நீ தினமும் சுத்துப் போகலாம்டா" என்றார். அவர் சொன்னது இந்தியில். நான் நாகரிகமான பகுதியை மட்டும் தமிழாக்கித் தந்திருக்கிறேன்.

புதுப்பையன்களின் பயத்தைப் போக்க அவர் விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் ஆம்பிளைகள் கூட்டத்தில் விளையாட்டு எத்தனை நாள் விளையாட்டாக இருக்கும்? கொஞ்ச காலத்தில் எங்கள் பைலட்டுகள் கடலில் விழுவதைவிடக் கெட்டிலுக்கு அதிகமாகப் பயந்தார்கள். எமனிடம்கூட விறைப்பாக சல்யூட் அடிக்கத் தயார்; சக பைலட்டிடம் சீனி போதுமா என்று கேட்கத் தயாரில்லை. இவர்களிடம்தான் ஒரு நாடு தன் கடலை ஒப்படைத்திருந்தது.

அடுத்த விடுமுறையில் அக்காவைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்தேன். அக்கா நிறைமாதக் கர்ப்பிணி. நான் வந்து இறங்கிய மறுநாளே வலி எடுத்துவிட்டது. தோட்டத்து அம்புலன்ஸ் மேனேஜர் துரை வீட்டு மேசை, கதிரை, அலுமாரிகளை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போயிருந்தது. நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸைத் தவிர வேறு வழியில்லை.

தோட்டத்து ரோட்டை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு பஸ்ஸின் அகலம். நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு வளைவில் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று எதிரே ஏறி வந்து முட்டிக்கொள்ளாத குறையாக நின்றது. மலை ரோட்டில் ஏறி வருகிறவனுக்குத்தான் வழி, இறங்குகிறவன் ஒதுங்கவேண்டும். இது சட்டம். ஆனால் எங்களுக்குப் பின்னால் செங்குத்தான ஏற்றம். ஆள் நிரம்பிய பஸ்ஸைப் பின்னால் ஏற்ற முடியாது. லொறிக்குப் பின்னாலோ கொஞ்சத் தூரத்தில் மதகு, அதன் பக்கத்தில் ஒதுங்க நல்ல அகலமான இடம். இது நியாயம். சட்டமும் நியாயமும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன.

பஸ் டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். லொறி டிரைவரும் நிறுத்தினார். ஒருவர் வெற்றிலை போட்டார். மற்றவர் பீடி பற்ற வைத்தார். கொண்டக்டர் படிக்கட்டில் குந்திக்கொண்டு, "பே மஹத்தயா, பே" என்று எல்லாரிடமும் முடியாது என்பதைச் சிங்களத்தில் உறுதிப்படுத்தினார்.

நான் படித்தவன், அதிகாரி, பைலட். இறங்கிப்போய் லொறிக்காரரிடம் விளக்கினேன். "அண்ணே, பஸ்ல பிரசவ கேஸ் இருக்கு. கொஞ்சம் பின்னால எடுங்க."

"எல்லாப் பஸ்லயும் ஒரு பிரசவ கேஸ் இருக்கும் தம்பி" என்றார் அவர், பீடியை எடுக்காமல். "ஏறி வர்றவனுக்குத்தான் வழி. நான் பின்னால எடுத்தேன்னு நாளைக்கு இந்த ரோட்டுல பேச்சு வரக்கூடாது."

நான் சாய்வுக் கோணம், சுமை, பிரேக் என்று பேச ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். அப்போது பஸ் ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாலும் குரலில் அத்தனை மரியாதை.

"அண்ணே! லொறிக்கார அண்ணே! ஒங்க பள்ளத்துப் பக்கத்துப் பின் சில்லுல காத்து எறங்குதுண்ணே. நான் மேல இருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். லோடோட அப்படியே ஏறிறாதீங்க!"

லொறிக்காரர் பீடியைக் கீழே போட்டார். அவர் நின்ற இடத்தில் பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பார்க்கக் கால் வைக்க இடமில்லை. மதகு வரைக்கும் பின்னால் எடுத்தால்தான் பார்க்கலாம். ஏறினார், எடுத்தார், ஒதுக்கினார், இறங்கிச் சில்லைத் தட்டிப் பார்த்தார். எங்கள் பஸ் கடந்து போகும்போது அக்காவின் ஜன்னலுக்கு நேராக நிமிர்ந்து நின்றார்.

"காத்து எல்லாம் சரியாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார். "நீ நல்லபடியா போயிட்டு வா."

"அப்படியாண்ணே? எனக்கு அப்படித் தெரிஞ்சிச்சு" என்றாள் அக்கா.

அன்று மாலையே மருமகள் பிறந்தாள். இன்று கண்டியில் சட்டத்தரணியாகக் கோர்ட்டில் வாதாடுகிறாள். திறமை எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் அக்காவிடம் கேட்டேன். "என்னக்கா, அந்த வலியிலயும் அப்படிப் புளுகிட்டே?"

"தோத்துப் பின்னால போன்னா எந்த ஆம்பிளை போவான் தம்பி? சில்லு பார்க்கப் போன்னா போவான். அவனுக்கும் போகத்தான் ஆசை. ஒரு சாக்குத்தான் இல்ல. நீ என்னடான்னா அவனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு நிக்கிறே" என்றாள்.

சில வருடங்கள் கழித்து நான் தள அதிகாரியானேன். இறங்க வரும் பைலட்டோடு வானொலியில் பேசுவது என் வேலை. சுற்றுப் போ என்று நான் சொன்னால் பைலட் போயே ஆகவேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. புத்தகம் எழுதியவர் எந்தக் காலத்திலும் கெட்டில் தூக்கியதில்லை.

அப்போது எங்களிடம் ஒரு பையன் பயிற்சியில் இருந்தான். கெட்டிக்காரன், இறக்கத்தில் சுத்தம், ஒருமுறையும் சுற்றுப் போகாதவன். அந்தப் பெருமையை அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொல்லாமல் விட்டவர்களுக்கு நாங்கள் சொன்னோம். அவனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான்.

அன்று குடும்ப தினம். வீட்டாரைக் கப்பலில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுக் காட்டும் நாள். மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் குடும்ப தினம் வைக்கலாம் என்று யோசித்த மேதைக்குப் பிறகு பதவி உயர்வு கிடைத்தது. மேல் மாடத்தில் மனைவிமார், பிள்ளைகள், மாமனார்கள், குடைகள். தளத்தில் இறங்கிக் காட்டப் பையன்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் இறங்கியாயிற்று. கடைசியாக இவன். அதற்குள் அலை பெருத்துவிட்டது. மேற்கே மழை ஒரு சாம்பல் திரையாகக் கப்பலை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் வந்து நின்றான். தளத்துக்கு மேலே நகர்ந்தான். அங்கேதான் தவறு ஆரம்பித்தது. தளம் எழும்பியபோது இவனும் எழும்பினான். தளம் தாழ்ந்தபோது இவனும் தாழ்ந்தான். தளத்தைத் துரத்துவது என்று இதற்குப் பெயர். தொடுவானத்தைப் பார்த்து நிற்கவேண்டிய கண் தளத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு மூன்று அலைக்கு மேல் இந்த ஆட்டம் ஆட முடியாது. இவன் விழும்போது தளம் எழும்பி வரும். சந்திக்கிற இடத்தில் சக்கரம் முறியும், பிறகு நெருப்பு. தளத்தின் ஓரத்தில் தீயணைப்பு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேலே அவன் மனைவி பச்சைக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சுத்துப் போ" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கேன் சார். ஒரு நிமிஷம், வந்துருச்சு."

அவன் குரல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. வந்துருச்சு என்று சொல்லுகிறவனுக்கு எதுவும் வந்திருக்காது. சுற்றுப் போகச் சொன்னால் எரிபொருள் இன்னும் ஒரு இறக்கத்துக்குத்தான் போதும். அதற்குள் மழை வந்து மூடிவிட்டால் அவன் கடலில் குதிக்கவேண்டியதுதான்; அனுப்பியவன் நானாக இருப்பேன். ஆனால் கடலில் குதித்தவனைத் தேடி எடுக்கலாம். தளத்தில் எரிந்தவனை என்ன செய்வது? இன்னொரு முறை கட்டளை போட்டால் இன்னொரு "ஒரு நிமிஷம் சார்" வரும். அவனிடம் அந்த நிமிஷம் இல்லை. பெரியவர் எனக்குப் பக்கத்தில் கிராம்பு மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்தப் பீடிக்காரர் முகம்தான் ஞாபகம் வந்தது. அவனுக்கும் போகத்தான் ஆசை.

"தளத்துல ஆள்! தளத்துல ஆள் நிக்கிறான்! போ, போ!" என்று கத்தினேன்.

ஜெட் துள்ளி எழும்பியது. யோசிக்கவில்லை, பதில் சொல்லவில்லை, போய்விட்டான். மனிதன் மேல் எவனும் இறங்கமாட்டான். தோற்றுப்போய்த் திரும்புவதற்கும் ஒரு உயிரைக் காப்பாற்றத் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவன் கை அறிந்திருந்தது. தளம் ஈரத்தில் மின்னிக்கொண்டு வெறுமையாகக் கிடந்தது. ஒரு காக்கை, குருவி இல்லை.

அவன் சுற்றி வரும்வரை, வெட்கப்படாமல் சொல்கிறேன், கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அக்காவைப் போலப் பொய் சொல்லிவிட்டேன். அக்காவுக்குக் கிடைத்த மதகு எனக்குக் கிடைக்குமா என்று மேற்கே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையின் முதல் துளிகள் எங்கள் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடியில் விழுந்தபோது அவன் குரல் வந்தது. இப்போது அது அவனுடைய பழைய குரல்.

"அந்த ஆள் போயாச்சா சார்?"

"போயாச்சு. தொடுவானத்தைப் பார்த்துக்கிட்டு வா."

"எவன் சார் அந்தக் கழுதை?" என்று கேட்டுக்கொண்டே வந்து, நின்று, நகர்ந்து, பூப்போல இறங்கினான். சக்கரத்துக்குக் கட்டை வைத்து முடிப்பதற்குள் மழை கப்பலை மூடிவிட்டது.

பெரியவர் மறுபடியும் மெல்ல ஆரம்பித்தார். "அந்த ஆள் யாரு?"

"தெரியல சார். ஓடிட்டான்."

"என் கண்ணுல படலையே."

"மழை சார்."

"மழை அப்புறம்தானே வந்துச்சு?" என்றார். வெறும் தளத்தைத் திரும்பிப் பார்த்தார். "சரி. அந்த ஆளை வேலையை விட்டு எடுத்துராதே. நாளைக்கும் வேணும்."

வழக்கப்படி அன்று மாலை நான்தான் கெட்டில் தூக்கினேன். விருந்தாளிகள் உட்பட எல்லாருக்கும் ஊற்றி, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். தளத்தைக் காலியாக வைத்திருக்கத் தெரியாத அதிகாரி என்று பையன் உட்பட எல்லாரும் கேலி செய்தார்கள். அவன் மனைவியிடம் வந்து, "மன்னிக்கணும் அம்மா, கொஞ்சம் தாமதமாயிருச்சு" என்று கோப்பையை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். புருஷன் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறானா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் மேல இருந்து தளத்தைத்தான் சார் பார்த்துட்டே இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். டீ முழுவதையும் குடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவி பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் அதை வீட்டில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அவன் எனக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புவதை நிறுத்தியிருப்பான்.

இந்தக் கதையைத்தான் அன்று பிலிமத்தலாவையில் அந்த நால்வருக்கும் சொன்னேன். மூன்று பேர் சிரித்தார்கள். உயரமான தம்பியின் கையில் தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது.

"சார்… எனக்கு அன்னைக்குத் தளத்துல…"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் பிலிமத்தலாவைல இருந்தேன்" என்றேன். "டீ யாரு ஊத்தினது?"

"தள அதிகாரிதான் சார். மன்னிப்பும் கேட்டாரு." கோப்பையைக் கீழே வைத்தார். "நான் அவரைக் கிண்டல்கூட பண்ணினேன். தளத்தைக் காலியா வச்சிருக்கத் தெரியாதான்னு எல்லார் முன்னாலயும் கேட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவிதான் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, இதைப் போய் மலர்ல எழுதப் போறீங்களே. படிச்சிட்டா இனி எவன் நம்புவான்? பொழப்பையே கெடுத்துருவீங்க போல இருக்கே."

எனக்கும் அது திக்கென்றுதான் இருந்தது. பதில் சொன்னது அந்த உயரமான தம்பிதான்.

"நம்புவோம் அம்மா. அடுத்த தடவை சொல்லும்போது நெசமாவே ஆள் நின்னுட்டா?"

ஆகவே தைரியமாக எழுதிவிட்டேன். இதைப் படித்த பிறகும், அந்தரத்தில் நிற்கும்போது யாராவது உங்களிடம் அப்படிக் கத்தினால், நீங்கள் சரிபார்த்துக்கொண்டிருக்கமாட்டீர்கள். போய்விடுவீர்கள். உங்களுக்கும் போகத்தான் ஆசையாக இருக்கும்.

அவர்கள் கிளம்பும்போது மனைவி ஒரு பொட்டலம் தேயிலை கொண்டுவந்தாள். அதை உயரமான தம்பியின் கையில் கொடுத்து, "இது ஒனக்கில்ல. ஒங்க தள அதிகாரிக்கு" என்றேன். வாங்கிக்கொண்டு வேனில் ஏறினார். வேன் ரோட்டுக்குத் திரும்பியபோது ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார்.

"சார், அவர்கிட்ட என்ன சொல்லிக் குடுக்கிறது?"

"மன்னிக்கணும், கொஞ்சம் தாமதமாயிருச்சுன்னு சொல்லிக் குடு" என்றேன். "அதுதானே நம்ம வழக்கம்."